பல் எக்ஸ்ரே: ஃபிலிமா, டிஜிட்டலா?

கொடுப்புப் பல் வலிக்கிறது என்று போனால் வைத்தியர் வாயைப் பார்த்துவிட்டு, “ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்” என்கிறார். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நம் கரையோர ஊர்களில் அந்த இடத்திலேயே பலர் தயங்கிவிடுகிறார்கள். கதிர் உடம்புக்குக் கூடாது என்ற பயம் ஒரு பக்கம். டிஜிட்டல் என்றால் எத்தனை தடவையும் எடுக்கலாம் என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். இரண்டுமே பிழை. பயந்தவர் “படம் வேண்டாம், பல்லைப் புடுங்கிவிடுங்கள்” என்று சொல்லி, காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை இழக்கிறார். அளவுக்கு மீறி நம்பியவர் தேவையில்லாத கதிரை வாங்கிக்கொள்கிறார்.

எக்ஸ்ரே எதைக் காட்டுகிறது?

இரண்டு பற்களுக்கு நடுவே தொடங்கும் சூத்தை, வேரின் நுனியில் கட்டிய சீழ், முரசுக்குள் கரைந்துபோகும் எலும்பு, வளர இடமில்லாமல் சரிந்து கிடக்கும் ஞானப்பல் ஆகியவை வெறும் கண்ணுக்குத் தெரியாதவை. இவற்றை அறியத்தான் படம். அதேவேளை, வெற்றிலை, புகையிலை போடுவோரின் கன்னத்திலும் நாக்கிலும் வரும், புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளை, சிவப்புத் திட்டுகளைப் பல் எக்ஸ்ரே காட்டாது. அவற்றை வைத்தியர் நேரில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது.

ஃபிலிம்: பழையது, ஆனால் தாழ்ந்ததல்ல

எக்ஸ் கதிரை ராண்ட்கன் 1895இல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஓட்டோ வால்கொஃப் தன் பற்களையே படமெடுத்தார். அதற்கு அவர் 25 நிமிடம் கதிரில் இருக்க வேண்டியிருந்தது. இன்றோ ஒரு நொடிக்கும் குறைவான நேரம் போதும்.

ஃபிலிம் மெல்லியது, வாய்க்குள் வைக்க எளிது, நுணுக்கமான விவரங்களையும் தெளிவாகக் காட்டும். அதன் பலவீனம் கழுவுமிடத்தில் இருக்கிறது. கையால் கழுவும்போது டெவலப்பர் கரைசல் சுமார் 20 பாகை செல்சியசில் இருந்தால் ஏறத்தாழ 5 நிமிடத்தில் படம் சரியாக வரும். நம் ஊர் வெயிலில் குளிரூட்டாத இருட்டறையில் கரைசல் 30 பாகையைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் நேரத்தைச் சரிசெய்யாமல் கழுவினால் படம் கறுத்தோ மங்கியோ போகும். ஈரக்காற்றும் சூடும் பட்ட ஃபிலிமும், பழசாகிப்போன கரைசலும் இதே வேலையைச் செய்யும். பிறகு இன்னொரு தடவை எடுக்க வேண்டும். இன்னொரு தடவை கதிர் பட வேண்டும்.

டிஜிட்டல்: இரண்டு வகை

பிரான்சின் பல் வைத்தியர் பிரான்சிஸ் முயேன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் பல் எக்ஸ்ரே கருவி 1987இல் சந்தைக்கு வந்தது. இப்போது இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. ஒன்று, கணினியோடு இணைந்த சென்சர். படம் சில நொடிகளில் திரையில் வந்துவிடும். ஆனால் சென்சர் தடிப்பானது, வளையாதது. சிறுவர்களுக்கும் குமட்டல் உள்ளவர்களுக்கும் கஷ்டம் தரும். மற்றது ஃபிலிமைப் போல் மெல்லிய பொஸ்பர் தட்டு. எடுத்தபின் ஸ்கேனரில் போட்டுப் படிக்க வேண்டும்.

திரையில் படத்தைப் பெரிதாக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வைத்தியர் நோயாளிக்கு அந்த இடத்திலேயே காட்டி விளக்கலாம். எனினும் சூத்தையைக் கண்டுபிடிப்பதில், ஒழுங்காகக் கழுவிய ஃபிலிமைவிட டிஜிட்டல் பெரிதாக முந்திவிடுவதில்லை.

கதிர் உண்மையில் எவ்வளவு குறைகிறது?

டிஜிட்டலில் கதிர் மிகமிகக் குறைவு என்ற விளம்பரத்தைக் கேட்டால், எதைவிடக் குறைவு என்று கேளுங்கள். மெதுவாகப் பதியும் பழைய டி வேக ஃபிலிமோடு ஒப்பிட்டால் குறைவு பெரிதுதான். ஆனால் புதிய எஃப் வேக ஃபிலிமுக்கே டி வேகத்துக்குத் தேவையான கதிரில் பாதிகூடத் தேவையில்லை. அதனோடு ஒப்பிட்டால் டிஜிட்டலின் இலாபம் சிறியதே. எக்ஸ்ரே கருவியில் கதிர் வெளிவரும் வட்ட வாய்க் குழாய்க்குப் பதிலாகச் செவ்வக வாய் உள்ள குழாயைப் பயன்படுத்தினால் ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் கதிர் பாதிக்கும் மேல் குறைந்துவிடும்.

மண், காற்று, உணவு, வானம் வழியாக உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் இயற்கைக் கதிர் கிடைக்கிறது. நல்ல முறையில் எடுத்த ஒரு சிறு பல் எக்ஸ்ரே, இதில் ஏறத்தாழ ஒரு நாளின் பங்குதான். முழுத் தாடைப் படத்துக்கு அதைவிடக் கூடும். முப்பரிமாண ஸ்கேனுக்கு இன்னும் கூடும்.

டிஜிட்டலில் ஓர் ஆபத்தும் உண்டு. ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பொஸ்பர் தட்டிலோ கூடுதல் கதிரிலும் படம் அழகாகவே வரும், யாரும் கவனிக்கமாட்டார்கள். “இன்னொன்று எடுத்துப் பார்ப்போம்” என்பதும் எளிதாகிவிடுகிறது.

நம் கிணறும் ஃபிலிம் கழிவும்

ஃபிலிம் கழுவப் பயன்படுத்திய ஃபிக்சர் கரைசலில் வெள்ளி கலந்திருக்கிறது. ஃபிலிம் உறைக்குள் ஈயத்தகடு இருக்கிறது. நம் கரையோரம் மணல் நிலம், கிணறுகள் ஆழமில்லாதவை, வீடுகள் நெருக்கமானவை. கானுக்குள் ஊற்றுவது நிலத்தடி நீரைச் சேர அதிக காலம் எடுக்காது. இவற்றைத் தனியாகச் சேர்த்து முறைப்படி அகற்ற வேண்டும். டிஜிட்டலின் பெரிய நன்மை, என் பார்வையில், இந்தக் கழிவு இல்லாததுதான்.

கையில் வைத்திருங்கள்

கடினமான சிகிச்சைக்கு நம்மவர்கள் பேராதனைப் பல் வைத்தியசாலை வரை போகிறார்கள். அங்கே படம் இல்லாமல் போய் நின்றால் மறுபடியும் எடுக்க நேரும். 2004 சுனாமியில் வீட்டோடு மருத்துவப் பத்திரங்களையும் இழந்த ஊர்கள் நம்முடையவை. டிஜிட்டல் படத்தின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள். திரையைக் கையடக்கத் தொலைபேசியில் பிடித்த படத்தில் நுண்ணிய விவரம் போய்விடும். அது மூலத்துக்கு ஈடாகாது.

கர்ப்பிணிகளும் பிள்ளைகளும்

கர்ப்பிணி என்றால் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். அவசரமான பல் எக்ஸ்ரே குழந்தைக்குப் பாதிப்பில்லாதது. கவனிக்காமல் விட்ட சீழ்தான் ஆபத்து. பிள்ளைகளின் உடல் கதிருக்குக் கூடுதலாக உணர்வுடையது. ஆகவே அவர்களுக்குத் தேவைக்கு மட்டும், குறைந்த அளவில் எடுக்க வேண்டும்.

எடுக்குமுன் கேளுங்கள்

- இந்தப் படத்தால் என் சிகிச்சையில் எது மாறும்?
- முன்பு எடுத்த படம் போதாதா?
- குழாயின் வாய் செவ்வகமா?
- சென்சருக்கு எனக்கென்று புது உறை போட்டீர்களா?
- எக்ஸ்ரே கருவிக்கு 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் உண்டா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வைத்தியர் மகிழ்ந்து பதில் சொல்வார். எந்தக் கருவி என்பதைவிட, படம் தேவையா, ஒரே தடவையில் சரியாக எடுக்கப்படுகிறதா என்பவையே முக்கியம். இரண்டுக்கும் ஆம் என்றால் ஃபிலிமோ டிஜிட்டலோ, தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லைப் புடுங்கும் முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.