எந்த நீருக்கு எந்த வடிகட்டி?

தண்ணீர் வடிகட்டி விற்பவர் ஒருவர் வீட்டிற்கு வருகிறார். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரிலும், தம்முடைய இயந்திரத்தில் வடித்த தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றுகிறார். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவி ஒன்றை இரு தம்ளர்களிலும் படும்படி வைத்து மின்சாரம் கொடுக்கிறார். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கிவிடுகிறது. மற்றத் தம்ளரோ தெளிவாகவே இருக்கிறது. "இதைத்தான் இத்தனை நாளாகக் குழந்தைகளுக்குக் கொடுத்தீர்களா, அம்மா?" என்று அவர் கேட்கிறார். பல ஆயிரம் ரூபாய்க்கு இயந்திரம் வாங்குவதென்று அப்பொழுதே முடிவாகிவிடுகிறது.

அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து அன்று, கம்பியிலிருந்து!

நீங்கள் மின்னாற்பகுப்பைப் பற்றிப் படித்திருப்பீர்கள். குழாய் நீரில் சோடியம், கால்சியம், மக்னீசியம் முதலியவற்றின் உப்புகள் அயனிகளாகக் கரைந்துள்ளன. ஆகவே அதன் வழியே மின்சாரம் பாய்கிறது. பாயும்போது நேர்மின்வாயாக உள்ள இரும்புக் கம்பி சிறிது சிறிதாகக் கரைந்து, பச்சையும் பழுப்புமான இரும்பு ஹைட்ராக்சைடாக மாறுகிறது. உப்பு நீக்கப்பட்ட நீரில் அயனிகள் மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. அவ்வளவுதான் செய்தி.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு இரும்பு ஆணிகள், கொஞ்சம் ஒயர் போதும். (வீட்டு மின்சாரத்தில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.) வாலை வடிநீரில் இரு ஆணிகளையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்திப் பேட்டரியுடன் இணையுங்கள். பத்து நிமிடமானாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. இப்போது அதே நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போடுங்கள். ஓர் ஆணியிலிருந்து குமிழிகள் கிளம்பும். மற்றதைச் சுற்றி நீர் கலங்கத் தொடங்கும். அந்த உப்பு நாள்தோறும் நாம் சோற்றில் போட்டு உண்பதுதான் அல்லவா?

அப்படியானால் வடிகட்டியே வேண்டாமா? வேண்டும். நீரினால் பரவும் வாந்திபேதியும் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் எதை நீக்கவேண்டும் என்று தெரிந்தபின்தான் எதனால் நீக்குவது என்று கேட்கவேண்டும்.

வடிகட்டியின் அருமையை உலகுக்குக் காட்டிய ஆண்டு 1892. ஜெர்மனியில் எல்பா ஆற்றங்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்ற இரு நகரங்கள் ஒட்டினாற்போல் இருந்தன. ஒரே தெருவின் இரு பக்கங்கள் இரு நகரங்களைச் சேர்ந்தவையாக இருந்த இடங்களும் உண்டு. இரண்டிற்கும் அந்த ஆற்று நீர்தான். ஹாம்பர்க் அதை அப்படியே குழாயில் விட்டது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த நீரை எடுத்துக்கொண்ட அல்டோனா, அதை மணற்படுகையில் மெல்ல வடித்தபின் விட்டது. அவ்வாண்டு காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் மாண்டனர். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. மணலின்மேல் படியும் வழவழப்பான படலத்தில் வாழும் நுண்ணுயிர்களே நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிக்கின்றன என்பது இதில் சுவையான செய்தி.

அதே 1892-இல் வடிகட்டியின் குறையும் தெரியவந்தது. பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்லஸ் சேம்பர்லேன்ட் என்பவர் 1884-இல் சுட்ட பீங்கானாலான வடிகட்டி ஒன்றைச் செய்திருந்தார். அதன் துளைகளில் பாக்டீரியாக்கள் நுழைய முடியாது. ருஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலைகளின் சாற்றை அதில் வடித்தார். வடிந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது! பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கவேண்டும். வைரஸ் என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான். எந்த வடிகட்டியும் எதையோ ஒன்றைப் போக விடும் என்பதை வடிகட்டி வாங்கச் செல்பவர் மறக்கலாகாது.

நம் வீடுகளில் இரண்டு எவர்சில்வர் அடுக்குகளாக நிற்கும் கேண்டில் பில்டர், சேம்பர்லேன்ட் வடிகட்டியின் உறவினர்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல கேண்டிலின் துளைகள் அதைவிடச் சிறியவை. மண், தூசி, பெரும்பாலான பாக்டீரியாக்கள் எல்லாம் மேலேயே தங்கிவிடும். ஆனால் ஒருவகைக் காமாலையை உண்டாக்கும் வைரஸின் குறுக்களவு 0.03 மைக்ரான்தான், அதற்கு அந்தத் துளை கோபுர வாசல். எனவேதான் வடித்த நீரைக் காய்ச்சியும் குடி என்று பாட்டிமார் சொல்வது முற்றிலும் சரி. நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பாக்டீரியா, வைரஸ் எல்லாம் மடிந்துவிடும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைப்பதும் படிகாரம் இடுவதும் மண்ணை அடியில் படியவைக்கும். காய்ச்சுவதற்கு முன் அவை நல்ல வேலை, காய்ச்சுவதற்குப் பதிலாக அல்ல.

காய்ச்சும் வேலையை ஒளியால் செய்வது புற ஊதாக்கதிர் வடிகட்டி. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர், கிருமிகளின் டி.என்.ஏ.வைச் சிதைத்து அவை பெருகாதபடி செய்கிறது. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் நீர் தெளிவாக இருக்கவேண்டும். மண் துகளின் நிழலில் ஒளிந்த கிருமி பிழைத்துக்கொள்ளும். விளக்கின் நீல ஒளியைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஏறத்தாழ ஓராண்டில் நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் மங்கிவிடும். நீலம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

பல இயந்திரங்களில் கரியும் இருக்கும். சிறப்பாகப் பதப்படுத்திய இக்கரியின் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் உட்பரப்பையெல்லாம் விரித்தால் 500 சதுர மீட்டருக்கும் மேலாகும். குளோரின் வாடையும் பூச்சிமருந்தின் எச்சங்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். உப்பை அது தொடாது.

கேண்டில், காய்ச்சுதல், புற ஊதா, கரி ஆகிய எவையும் கரைந்த உப்பை நீக்குவதில்லை. கொதிக்கும்போது தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படியும். உப்பை நீக்க வந்ததே எதிர்ச் சவ்வூடு பரவல். கடைக்காரர் மொழியில் ஆர்.ஓ. உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புகிறது. அதன் தோல், நீரை உள்ளே விட்டுச் சர்க்கரையை வெளியே விடாமல் தடுக்கிறது. நீர் செறிவு மிகுந்த பக்கத்திற்குப் போவது இயல்பு. செறிவு மிகுந்த பக்கத்தில் பலமாக அழுத்தினால்? நீர் எதிர்த்திசையில் வெளியேறும், உப்பு பின்தங்கும். இதற்கேற்ற செயற்கைச் சவ்வை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960-ஐ ஒட்டி உருவாக்கியவர்கள் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீனிவாச சௌரிராஜனும் ஆவர். 1965-இல் அம்மாநிலத்தின் கோலிங்கா என்ற சிற்றூர் இம்முறையில் குடிநீர் பெற்றது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010-இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் ஆலையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை பணம் மட்டுமன்று. சவ்வில் தேங்கும் உப்பைக் கழுவி வெளியேற்ற நீர் வேண்டும். சாதாரண வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் நன்னீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. நாளுக்கு 10 லிட்டர் குடிநீர் எடுக்கும் குடும்பம், மூன்று மடங்கு என்று வைத்தால், ஆண்டில் 10,950 லிட்டரைச் சாக்கடையில் விடும். ஒரு தண்ணீர் லாரி! (அந்த நீரை வாளியில் பிடித்தால் பாத்திரம் கழுவலாம், வாசல் தெளிக்கலாம். உப்பு மிகுந்ததாதலால் செடிகளுக்கு நாள்தோறும் ஊற்றாமலிருப்பது நல்லது.)

ஆகவே உங்கள் நீரில் உப்பு மிகுதியா என்பதே முதற்கேள்வி. கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதை நம் நாட்டுக் குடிநீர்த் தரவரையறை ஏற்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 500-க்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசுக்குக் கூறியதும் நீர் வீணாவதைக் கருதித்தான். பேனா போன்ற மீட்டரை நீரில் நனைத்தால் இந்த எண் தெரியும். ஆனால் அது அளப்பது மின்கடத்து திறனை மட்டுமே. இளநீரில் நனைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீரை யாரும் கீழே கொட்டுவதில்லை. சாக்கடை கசிந்த ஆற்று நீர் 200 என்று காட்டலாம்; கிருமிகள் எத்தனை என்று சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறுவயது முதல் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை விழும். அளவு இன்னும் கூடினால் நாளடைவில் எலும்பும் கெடும். மொத்த உப்பு 400 என்று மீட்டர் காட்டும் நீரிலும் 2 மில்லிகிராம் ஃபுளோரைடு மறைந்திருக்கலாம். நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினால் நீர் ஆவியாகி அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். அங்கெல்லாம் ஆர்.ஓ. ஆடம்பரமன்று. அம்மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அக்குழாய் வந்துவிட்ட வீட்டிற்குக் கேண்டிலோ புற ஊதா விளக்கோ போதுமானது.

ஆற்று நீரோ ஏரி நீரோ குழாயில் வருகிறதென்றால் அச்சம் பெரும்பாலும் கிருமியைப் பற்றியதே, ஆர்.ஓ. வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறென்றால் சில அடையாளங்களைப் பாருங்கள். சோப்பு நுரைக்கவில்லையா? கடின நீர். இறைத்தபோது தெளிந்திருந்து, வைத்தபின் செம்பழுப்பாகிறதா? இரும்பு. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் இப்படி அடையாளம் காட்டா. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். வடிகட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வாங்கிய வடிகட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. மலக்கழிவு கலந்த நீரில் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இருக்கும். அவை இருந்தால் கறுத்துவிடும் ஊட்டப்பொருள் தாள் அடங்கிய சிறு பாட்டில் சோதனையை இந்திய அறிவியலாளர்கள் 1982-இல் வெளியிட்டனர். உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பாட்டிலில் குழாய் நீர், இன்னொன்றில் வடிகட்டியிலிருந்து நேரே பிடித்த நீர், மூன்றாவதில் அதே நீரை ஊற்றி வைத்த பானையிலிருந்து முகந்த நீர். ஒன்றிரண்டு நாள் அறையில் வையுங்கள். இரண்டாவது தெளிந்திருந்து மூன்றாவது கறுத்தால், குறை வடிகட்டியில் இல்லை. பானையை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், விரல் படாமல் முகக்க நீண்ட காம்புள்ள அகப்பையை வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த பாட்டில்களில் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அவற்றில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் வைத்தபின்பே கொட்டவேண்டும்.