சுவரொட்டிக்கு எது கரு?

சிங்கப்பூரின் பொது இடங்களைப் போற்றும் சுவரொட்டி என்றதும் பலருக்கு 1972ல் நிறுவப்பட்ட மெர்லயன் சிலைதான் நினைவுக்கு வரும். அங்கே மக்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பொது இடத்தின் சிறப்போ, மக்கள் அங்கே கூடிப் புழங்குவதில் இருக்கிறது.

1970களில் பரவலான, அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் மலாய்த் திருமணம், இன்னொரு நாள் சீனர் வீட்டு இறுதிச்சடங்கு. மற்ற நாள்களில் சதுரங்கக் கட்டமிட்ட மேசையைச் சுற்றி முதியவர்கள்.

அத்தனையையும் ஒரே தாளில் திணித்தால் எதுவும் மனத்தில் பதியாது. வழிப்போக்கர் சில விநாடிகளே பார்ப்பார். அந்த மேசை ஒன்றே போதும். அருகில் ஓர் இருக்கையைக் காலியாக வரைந்தால், அது தமக்கும் உரிய இடம் என்று பார்ப்பவர் உணர்வார்.