குழந்தைகளைத் தேடி வந்தவர்கள்: இடையன்குடி சொல்லும் பாடம்

கோடை விடுமுறை வந்தால் தேவாலயங்கள் பலவற்றில் 'விடுமுறை வேதாகமப் பள்ளி' நடக்கிறது. பாட்டு, கதை, கைவேலை, தின்பண்டம் என்று சில நாட்கள் நடக்கும் இவ்வகுப்புக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அழைக்கிறார்கள். ஏழைக் குடியிருப்புகளில் நம் பிள்ளைகளும் போவதுண்டு. விஷயம் தெரிந்ததும் பெற்றோர் பதறுகிறார்கள். பதறுவதற்கு முன், இந்தப் பணி ஒரு கிராமத்தில் எப்படி வேரூன்றுகிறது என்பதை நாம் அறிய வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடி அதற்கு நல்ல சான்று.

'ஒப்பிலக்கணம்' எழுதிய கால்டுவெல் பாதிரியார் 1841ல் அங்கு குடியேறினார். வறண்ட பூமி, பனையேற்றமே மக்களின் பிழைப்பு. சாதியின் பெயரால் கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள் அவர்கள். கால்டுவெல் அவர்களுக்குப் பள்ளி நடத்தினார். அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எழுத்தும் தொழிலும் கிடைத்த இடத்திலேயே கிறிஸ்தவப் பாடமும் கிடைத்தது. 1876-78 பெரும் பஞ்சத்தில் நிவாரணப் பணிகள் நடந்தன. அதையொட்டி ஆயிரக்கணக்கானோர் திருநெல்வேலித் திருச்சபைகளை நாடினர்.

இதை 'சோற்றுக்கு மாறினார்கள்' என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமாகாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் அம்மக்களோடு வாழ்ந்தார். 1891ல் மறைந்த பின் அடக்கம் செய்யப்பட்டதும் அதே ஊரில்தான். ஊரும் அரசும் கைவிட்ட பிள்ளையை ஒருவர் அருகில் அழைத்து உட்காரவைத்தால், அந்தக் குடும்பம் அவர் சொல்வதையும் கேட்கும்.

நாம் வார்த்தையில் நிதானம் காக்க இன்னொரு காரணமும் உண்டு. 1981ல் அதே திருநெல்வேலி மாவட்டத்தில், மீனாட்சிபுரத்துத் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தை ஏற்றன. 'வளைகுடாப் பணம் வேலை செய்கிறது' என்று அன்று நம்மைத் தூற்றினார்கள். சாதி இழிவிலிருந்து விடுபட்டவர்களின் மானத்தை அச்சொல் எவ்வளவு காயப்படுத்தியது! அதே சொல்லை நாம் பிறர் மீது வீசலாமா?

அதே வேளை எல்லையும் உண்டு. வளர்ந்தவர் ஆராய்ந்து ஒரு மார்க்கத்தை ஏற்பது வேறு. பசித்த குழந்தைக்குத் தின்பண்டம் தந்து நம்பிக்கையைக் கேட்பது வேறு. அரசியல் சட்டத்தின் 25வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977ல் தீர்ப்பளித்தது. பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது 28(3) பிரிவு. அரசு அங்கீகாரம் அல்லது உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமின்றி எந்தச் சிறுவரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. கிறிஸ்தவப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் தலைமையாசிரியரிடம் மரியாதையாக எழுதிக் கொடுத்தால் போதும். சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

பிற மதத்தாரிடம் கல்வி கற்பது நமக்கு விலக்கப்பட்டதன்று. பத்ருப் போரில் பிடிபட்டு, பிணைத்தொகை கொடுக்க இயலாத கைதிகள் மதீனாச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். குழந்தை இயற்கை மார்க்கத்தில் பிறக்கிறது, அதை வேறு வழிக்குத் திருப்புவோர் பெற்றோரே என்ற கருத்துள்ள நபிமொழியும் புகாரியில் உண்டு. பொறுப்பு முதலில் நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கிறது. நம் மஹல்லாவின் ஓரத்துக் குடிசைகளில் எத்தனை பிள்ளைகள் மக்தபுக்கு வருவதில்லை என்ற கணக்கு ஜமாஅத்தில் இருக்கிறதா? பைத்துல்மாலிலிருந்து நோட்டும் சீருடையும் போகின்றனவா? மாலையில் இலவச டியூஷன் உண்டா? பாட்டும் கதையும் விளையாட்டும் கலந்து கோடை வகுப்பு நடத்த நம்மை யார் தடுக்கிறார்கள்? பிரம்பு ஓங்கும் உஸ்தாதிடமிருந்து ஓடும் பிள்ளை, சிரித்து அழைப்பவரிடம் போகத்தான் செய்யும்.

வரும் கோடைக்கு முன் ஒவ்வொரு ஜமாஅத்தும் இதைக் கூடிப் பேசட்டும். நம் பிள்ளைகளை ஈமானிலும் கல்வியிலும் வளர்க்க அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.