மெய்நிகர் தனியார் வலையமைப்பைத் தேர்ந்தெடுத்தல்: உத்திரமேரூர்க் குடவோலை விதிகளை முன்வைத்து

முன்னுரை

வட்டார வழக்கு, வாய்மொழி வரலாறு, நிலவுறவு ஆகியவற்றை ஆராய்வோர் இன்று களத்திலிருந்தே குரற்பதிவுகளை இணையச் சேமிப்பகங்களுக்கு அனுப்புகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இதற்குக் கைப்பேசி இணைப்போ, தங்குமிடத்தின் வைஃபையோ, கணினி மையமோதான் வழி. நிலத்தகராறு பற்றிப் பேசிய முதியவரின் பெயரைக் கட்டுரையில் மறைத்துவிடலாம். ஆனால் அவருடைய பதிவைக் கையாண்ட இணைப்பின் தடயங்கள் பிறர் கையில் இருக்கும். எனவே வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்துமாறு பலர் பரிந்துரைக்கின்றனர். அதனைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோல்கள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மறைவதும் மறையாததும்

இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறையால் உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்கின்றன. ஆயினும் எந்தத் தளத்திற்கு, எப்போது, எவ்வளவு தரவு சென்றது என்பதை இணையச் சேவை வழங்குநர் அறிய இயலும். வி.பி.என். பயனரின் கருவிக்கும் தனது வழங்கிக்கும் இடையே மறையாக்கப்பட்ட ஒரு தடத்தை அமைக்கிறது. இதனால் சேவை வழங்குநருக்கு அந்த வழங்கி மட்டுமே தெரியும். சென்றடையும் தளத்திற்குப் பயனரின் ஐ.பி. முகவரிக்கு மாற்றாக வழங்கியின் முகவரியே தெரியும்.

இதற்கு மேல் அது எதையும் மறைப்பதில்லை. மின்னஞ்சல் கணக்கில் நுழைந்தபின் அக்கணக்கை நடத்தும் நிறுவனம் பயனரை அறியும். நினைவிகள், உலாவியின் தனித்தன்மைகள் ஆகியவையும் அடையாளம் காட்டும். சேமிப்பகத்தில் வைத்த கோப்பையும் வி.பி.என். காப்பதில்லை.

நம்பிக்கை இடம்பெயர்தல்

சேவை வழங்குநர் முன்பு கண்டவற்றை இப்போது வி.பி.என். நிறுவனம் காண்கிறது. அதாவது, கண்காணிக்கும் வாய்ப்பு நீங்கவில்லை, கைமாறியிருக்கிறது. 2013 இல் ஃபேஸ்புக் வாங்கிய ஓனாவோ இதற்குச் சான்று. தரவைக் காப்பதாகக் கூறி இலவசமாக வழங்கப்பட்ட இச்செயலி, பயனர்களின் செயலிப் பயன்பாட்டுத் தரவை ஃபேஸ்புக்கின் வணிக நோக்கங்களுக்காகத் திரட்டியது. 2019 இல் அது நிறுத்தப்பட்டது. 2023 இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் இது தொடர்பாக மெட்டாவின் இரு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

இந்தியாவில் அந்தரங்கத்திற்கான உரிமையை அடிப்படை உரிமையென உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் உறுதிசெய்தது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த நெறிமுறைகள், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஐ.பி. முகவரி, பயன்படுத்தும் நோக்கம் முதலியவற்றை வி.பி.என். நிறுவனங்கள் ஐந்தாண்டு பேண வேண்டும் என்றன. இதையொட்டி எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என். ஆகியவை இந்தியாவிலிருந்த தம் வழங்கிகளை விலக்கிக்கொண்டன. ஆகவே நிறுவனத்தின் வாக்குறுதியோடு, அதன் வழங்கி அமைந்த நாட்டின் சட்டமும் கருதத்தக்கது.

குடவோலை தரும் அளவுகோல்கள்

பிறரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது எவற்றைக் கேட்க வேண்டும் என்னும் வினாவிற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தெளிவான விடை வைத்துள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இவை சதுர்வேதிமங்கலத்துச் சபையின் வாரியத் தேர்வை விவரிக்கின்றன. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே உரிய சபை அது. அந்தரங்க உரிமை பற்றியும் அது பேசவில்லை. எனினும் நம்பிக்கையைச் சோதிக்கும் அதன் முறை இங்கு ஒப்பிடத்தக்கது. அதிலிருந்து நான்கு வினாக்களைப் பெறலாம்.

முதலாவது, கணக்கு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் ஓலையில் எழுதப்படாது. தன் பதிவேட்டுக் கொள்கையை வெளியார் தணிக்கைக்கு உட்படுத்தி அறிக்கை வெளியிடாத நிறுவனத்தை நாமும் விலக்கலாம். வாரியப் பொறுப்பு 360 நாளுக்கே உரியது என்பதை நோக்க, பழைய தணிக்கை அறிக்கை ஒன்று மட்டும் போதாது.

இரண்டாவது, உறவு. கணக்குக் காட்டாதவரின் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். செயலியின் பெயருக்குப் பின்னுள்ள உரிமையாளர் நிறுவனம் யாது, அதன் வருவாய் எதிலிருந்து வருகிறது என்று கேட்பதும் இத்தகையதே. ஓனாவோ தோற்பது இவ்வினாவில்தான்.

மூன்றாவது, அறியாமை. ஓலையை எடுப்பவன் உள்ளிருப்பதை அறியாத சிறுவன். அறியாதவன் சார்பு காட்ட இயலாது. பதிவேடு வைக்காத சேவையின் வலிமையும் இதுவே. 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை தேடுதல் ஆணையுடன் முல்வாட் நிறுவனத்திற்குச் சென்றபோது, கேட்ட வாடிக்கையாளர் தரவு அங்குச் சேமிக்கப்படவில்லை என்று நிறுவனம் விளக்க, வெறுங்கையுடன் திரும்பியது.

நான்காவது, திறந்த கை. மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் அதனைப் படிப்பர். ஒயர்கார்டு, ஓப்பன் வி.பி.என். போன்ற திறமூல நெறிமுறைகளையும், மூலநிரல் வெளியிடப்பட்ட செயலிகளையும் தேர்வது இவ்வாறு பிறர் சரிபார்க்க இடந்தருவதாகும்.

இவற்றுடன், இணைப்பு அறுந்தால் தரவோட்டத்தை நிறுத்தும் வசதி உள்ளதா என்பதையும், தளப்பெயர்த் தேடல்கள் தடத்திற்கு வெளியே கசிகின்றனவா என்பதையும் சோதித்தல் வேண்டும்.

முடிவுரை

வி.பி.என். தேர்வு என்பது யாரை நம்புவது, எந்தச் சான்றின்மேல் நம்புவது என்னும் தேர்வாகும். வேகமும் விலையும் அதற்குப் பின்னரே கருதத்தக்கவை. நான்கு வினாக்களுக்கும் விடையளிக்காத இலவசச் சேவையைவிட, வி.பி.என். இன்றிக் கைப்பேசித் தரவைப் பயன்படுத்துவதே பல வேளைகளில் மேலானது. எதனைத் தேர்ந்தாலும், தகவலாளியின் குரற்பதிவை அனுப்புமுன் கோப்பையே மறையாக்கம் செய்து, அதன் திறவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொள்வது ஆய்வாளரின் கடமை. தம் சொல்லை ஆய்வாளரிடம் ஒப்படைத்தவருக்கு ஆய்வாளர் காட்ட வேண்டிய கணக்கு அதுவே.