பச்சைப் பிள்ளை உடம்பில் உப்பு தங்காவிட்டால்...

சித்திரை வெயிலில் திண்டுக்கல் காயும்போது, பிறந்து இரண்டு வாரமான பிள்ளை பாலைக் கக்கித் துவண்டு கிடந்தால் நாம் என்ன சொல்வோம்? "சூடு ஒத்துக்கலை", "உரம் விழுந்துருச்சு", "தோஷம்" என்போம். சில பிள்ளைகளுக்குக் காரணமே வேறு, தாய்மார்களே!

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்த மாதிரி அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான், உப்பு சிறுநீரோடு போய்விடாமல் பிடித்து வைக்கிறது. பிறவிக் குறையால் அது போதிய அளவு சுரக்காவிட்டால் உப்பு வெளியேறும். கூடவே தண்ணீரும் போகும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே பாதிக்கும். இந்த வியாதியைச் சுருக்கமாக 'சி.ஏ.எச்.' என்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தலைகாட்டும்.

பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் தெரியும் மாற்றத்தைப் பார்த்தே டாக்டர் சந்தேகப்படுவார். ஆண் பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருப்பான். ஆபத்தே அதில்தான்! எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தலைப்பிள்ளை பதினெட்டாம் நாள் தவறிப் போனான். வாந்திபேதி என்று நினைத்தார்கள். அடுத்தவனும் அதே மாதிரி கக்கத் தொடங்கியதும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தில் உப்பின் அளவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 5 நகரங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைச் சோதித்தது. 2018-ல் வெளியான அதன் முடிவின்படி 5762 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை. சென்னையில் மட்டும் 2036-ல் ஒன்று! தாய், தகப்பன் இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் கவனிக்க வேண்டும்.

பால் குடிக்காமை, ஓயாத வாந்தி, எடை குறைதல், உச்சிக்குழி உள்வாங்குதல், சோர்ந்து கிடத்தல் - இவற்றைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பு ஒரு சிசு இறந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பது இதற்கு மருந்தாகாது.

ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரைகளும், டாக்டர் சொல்லும் அளவு உப்பும் கொடுத்தால் பிள்ளை நன்றாக வளரும். "தேறிட்டானே, எதுக்கு மாத்திரை?" என்று பெரியவர்கள் சொன்னாலும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை எவ்வளவு கூட்டுவதென்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரையைக் கக்கிவிட்டால் ஊசிதான் வழி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்!