லாஜிஸ்டிக்ஸ் படிக்கலாம்... எங்கே, எப்படி?

திருப்பூரில் தைத்த பனியன் வெளிநாட்டுக் கடைக்குப் போய்ச் சேர, கன்டெய்னரில் ஏற்றினால் மட்டும் போதாது. லாரி நேரத்துக்குத் தூத்துக்குடி போக வேண்டும். கப்பலில் இடம் பிடித்திருக்க வேண்டும். ஷிப்பிங் பில்லில் பிழை இருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் சரக்கு துறைமுகத்தில் தேங்கும், வாடகை ஏறும். இதையெல்லாம் தடங்கலின்றி நடத்துவதுதான் லாஜிஸ்டிக்ஸ்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபின், மாநிலத்துக்கு ஒரு சிறு குடோன் வைத்திருந்த பல நிறுவனங்கள் பெரிய கிடங்குகளுக்கு மாறின. ஒரகடம், செங்குன்றம் பக்கம் போனால் அந்த வளர்ச்சி தெரியும். அங்கே சுமை தூக்கவும் காவல் காக்கவும் மட்டுமல்ல, ஸ்கேனரும் கணினியும் கையாளவும் ஆள் வேண்டும்.

பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதல், கிடங்கு இருப்பு பராமரித்தல் போன்ற குறுகிய காலப் பயிற்சிகளில் சேரலாம். இவற்றுக்கான பாடத்திட்டங்களை வகுக்கும் லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் சென்னையில்தான் இருக்கிறது.

பட்டம் படிக்க விரும்புவோருக்கு, சென்னை உத்தண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிப்புகளை நடத்துகிறது. வதோதராவில் உள்ள கதி சக்தி பல்கலைக்கழகம் 2022-ல் மத்தியப் பல்கலைக்கழகமானது. ரயில் உள்ளிட்ட போக்குவரத்துத் துறைகளுக்கென்றே அமைந்தது அது.

ஏற்றுமதி ஆவணங்களில் ஆர்வமுள்ளவர்களுக்குச் சுங்கத் தரகுத் தொழில் இருக்கிறது. தரகு நிறுவனத்தில் சேர்ந்து, சுங்கத்துறைத் தேர்வில் தேறினால் 'ஜி கார்டு' கிடைக்கும். அனுபவம் சேர்ந்தபின் சொந்த உரிமத்துக்கான தேர்வையும் எழுதலாம். பல பட்டதாரிகளுக்குத் தெரியாத வழி இது.

எந்த வழியில் போனாலும் இந்தத் தொழில் வகுப்பறைக்குள் முழுதாக வந்துவிடாது. மழையில் லாரி நின்றுவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது, கணினிக் கணக்குக்கும் அலமாரியில் உள்ள பெட்டிக்கும் வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது என்பதெல்லாம் களத்தில்தான் படியும். ஆகவே, உதவித்தொகையுடன் தொழிற்பழகுநர் பயிற்சி சேர்ந்த பட்டப்படிப்புக்கு முதலிடம் கொடுங்கள்.

'நூறு சதவீத வேலை' என்ற விளம்பரத்தை நம்பிக் கல்விக் கடன் வாங்கும் குடும்பங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. கட்டணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பட்டம் தரும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா? களப்பயிற்சி எத்தனை மாதம், எந்த நிறுவனத்தில்? சென்ற ஆண்டு படித்தவர்கள் என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? தெளிவான பதில் தராத நிறுவனத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.