கட்டடக்கலையும் நகர மரபும்

கட்டடம் ஒன்றை எழுப்பக் கற்பது வேறு. முன்னோர் எழுப்பிய கட்டடத்தைக் காக்கக் கற்பது வேறு. முன்னதனைப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. பின்னதோ, தனியொரு கல்வித்துறையாக உருப்பெற்றது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். 1964ஆம் ஆண்டு வெனிசு நகரிற் கூடிய அறிஞர்கள் நினைவுச்சின்னங்களைப் பேணும் நெறிகளை ஒரு சாசனமாக வகுத்தனர். அச்சாசனத்தை ஆக்கியோருள் ஒருவரான பெல்ஜியப் பேராசிரியர் ரேமண்ட் லெமேர் என்பார், 1976இல் புரூஜ் நகரிற் பட்டப்பின் பயிற்சியொன்றைத் தொடங்கினார். அது பின்னர் லூவன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நினைவுச்சின்னங்கள், தலங்கள் ஆகியவற்றைப் பேணும் கட்டடக்கலை பற்றிய முதுமாணிக் கல்வி ஏற்பட்டது. கட்டடக்கலைஞராகவும் தொல்லியலறிஞராகவும் ஒருங்கே விளங்கிய கலாநிதி ரோலண்ட் சில்வா, 1990 முதல் 1999 வரை நினைவுச்சின்னங்களுக்கான உலகப் பேரவையின் தலைவராயிருந்தமை இத்துறையில் இலங்கை பெற்ற இடத்தைக் காட்டும்.

இக்கல்வியின் இயல்பு யாது? விதிகளைக் கூறுவதினும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவதே எளிது. கண்டியிலுள்ள மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். மரத்தூண்கள் தாங்கும் அம்மண்டபத்தை 1783இல் இராசாதி இராசசிங்கன் கட்டத் தொடங்கினான். ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் முடித்தான். அவன் முடியிழந்ததை உறுதிசெய்த உடன்படிக்கை 1815 மார்ச் 2ஆந் திகதி நிறைவேறியதும் அங்கேயே. பின்னர் 1870களில், வேல்ஸ் இளவரசரின் வருகையை முன்னிட்டு, ஆங்கிலேயர் அம்மண்டபத்தைப் புதிய தூண்களிட்டு நீட்டினர். இன்று அதனைப் பழுதுபார்க்கப் புகுவோன் முன் ஒரு வினா எழுகின்றது: ஆங்கிலேயர் சேர்த்த பகுதியை நீக்கி அரசர் காலத்து அளவுக்கு மண்டபத்தை மீட்பதா, அன்றி உள்ளவாறே காப்பதா?

உள்ளத்துக்கு இனிப்பது முன்னதே. ஆயினும் வெனிசுச் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தாரும் செய்த தகுதியான சேர்க்கைகளை மதித்தல் வேண்டுமென விதிக்கின்றது. நீட்டப்பட்ட பகுதியும் வரலாற்றுச் சான்றே. மன்னர் மண்டபம் மாற்றாரின் வரவேற்பு மண்டபமாகிய கதையை அத்தூண்களே சொல்லும். எனவே மரத்தின் வகை, கரையான் அரிப்பு, கூரையின் பாரம் என்பவற்றை அறிந்த கட்டடக்கலைஞனுக்கு வரலாற்றுணர்வும் வேண்டும். வரலாறு மாத்திரம் கற்றவனோ, மழைநீர் எவ்வழியே சுவரில் இறங்குகின்றது என்பதைக் காணமாட்டான். இவ்விருவரையும் ஒருவராக்க முயல்வதே இப்பட்டப்பின் கல்வி.

அது தனிக் கட்டடத்தோடு நின்றுவிடுவதுமன்று. 1914, 1915ஆம் ஆண்டுகளிற் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றி ஆராய்ந்தவரும், 1921இற் கொழும்பு நகரைப் பற்றி அறிக்கை வரைந்தவருமான பற்றிக் கெடிஸ், பழைய வீதிகளை இடித்தெறியாது, நோயுற்ற உறுப்பை மட்டும் சிறிதாக அறுத்து நலஞ்செய்யும் முறையை வற்புறுத்தினார். நகரை ஓர் உயிருடம்பாகக் கண்டமையே அவர் பெருமை. 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, தலதா மாளிகையை மட்டுமன்றிப் புனித நகர் என்னும் பெயரால் நகரையே சேர்த்தது. கோயில், வாவி, வீதி, பெரஹரா என்பன ஒன்றையொன்று பிரியா.

இனி நம் குண்டசாலையை நோக்குவோம். மகாவலிக் கரையிலுள்ள இவ்வூர், 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் விரும்பியுறைந்த இடம். குண்டசாலை அரசன் என்றே மக்கள் அவனை வழங்கினர். கண்டியின் கடைசிச் சிங்கள மன்னன் அவனே. மதுரையிலிருந்து வந்த அவன் தேவியின் தமையனார் அவனுக்குப்பின் முடிசூட, நாயக்கர் மரபு தொடங்கிற்று. தென்னாட்டுக்கும் மலைநாட்டுக்கும் இத்துணை நெருங்கிய உறவு கண்ட ஊரில், அக்காலத்து அரண்மனை இன்று இல்லை. வீடுகளும் கடைகளும் நெருங்கிய புறநகராகிவிட்டது. காண்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் மரபுரிமை மாணவனுக்கு என்ன வேலை எனச் சிலர் கேட்கலாம். அங்கேயே வேலை மிகுதி என்பேன். நிற்கும் மாளிகைக்குக் காவலர் உளர். அழிந்த நகரின் எல்லையையும், ஆற்றுத்துறைகளையும், நிலப்பெயர்களையும் குறித்து வைக்காவிடின், அடுத்த அத்திவாரம் வெட்டப்படும்போது எஞ்சியவும் போய்விடும். ஊர்க்காரர் ஒருவர் கிணறு தோண்டுகையில் வெளிப்படும் பழஞ்செங்கல்லை அடையாளங் காண்பதற்கும் கற்றிருத்தல் வேண்டும்.

அண்மையிலுள்ள தெகல்தொறுவக் குகைவிகாரையின் சுவரோவியங்களோ நல்லூழாக எஞ்சியுள்ளன. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தனவாகிய அவற்றில் வேசந்தரன் கதையைக் காணலாம். எழுதப்பட்ட வீடுகளும் வாயில்களும், மறைந்துபோன கண்டிக் கட்டடங்களை ஆராய்வார்க்கு வரைபடம்போல் உதவும்.

தமிழ் மாணவர்க்கு இத்துறையில் ஒரு தனிக் கடமை உண்டு. கம்பளை இராச்சியக் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில், கடலாதெனிய விகாரையைக் கருங்கல்லால் அமைத்தவன் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி. அதே காலத்து லங்காதிலக விகாரையிற் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பாறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. இரு மொழியும் அறியாதவன் அக்கட்டடத்தைப் பாதியே அறிவான். வரைகலையில் வல்ல நம் பிள்ளைகள் பொறியியலையே நாடுவது இயல்புதான். ஆனாற் சாசனம் வாசிக்கக்கூடிய கட்டடக்கலைஞர் இந்நாட்டுக்கு மிகத் தேவை.

பழமையைக் காத்தலும் புதுமையைக் கட்டலும் பகையென்று எண்ணுவோர் மினெற் டி சில்வாவின் பணியை ஆராய்க. 1918இற் கண்டியிற் பிறந்து பம்பாயிலும் இலண்டனிலும் பயின்ற அவர், தாம் கட்டிய புத்தில்லங்களிலே தும்பறை நெசவையும் உள்ளூர்க் கைவினைஞரின் வேலைப்பாட்டையும் பொருத்தினார். 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவையில் வீட்டுத்திட்டம் ஒன்றை வகுத்தபோது, குடியேறவிருந்தோரிடமே அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்து, வெவ்வேறு வகை வீடுகளை வரைந்தார்.

அவ்வீடுகளும் இன்று ஆராய்ச்சிக்குரிய மரபுரிமையே. அவ்வாறே மலைச்சரிவுகளில் நிற்கும் தோட்ட லயன்களையும் கொள்ளல் வேண்டும். ஒற்றை அறையும் முன் தாழ்வாரமுமாக, நீண்ட வரிசையிற் கட்டப்பட்ட அவற்றை அழகென்று போற்றுவார் இலர். நல்ல வீடுகள் எழுந்து அவை மறைவதே நன்று. எனினும் மறையுமுன், சுவரின் நீள அகலம், அடுப்பின் இடம், காமன் பொட்டல், மாரியம்மன் கோயிலுக்குச் செல்லும் வழி ஆகியவற்றை அளந்து வரைந்து, அங்கு வாழ்ந்த முதியோரின் சொல்லையும் உடன் எழுதிவைத்தல் முதுமாணி ஆய்வுக்கு முற்றும் தகுந்த பொருளாகும். அதற்கு வேண்டும் கருவிகள் அளவுநாடா, வரைதாள், தமிழறிவு என்பனவே. ஆய்வுக்களமோ குண்டசாலையிலிருந்து பேருந்தேறிச் செல்லும் தூரத்தில் உள்ளது.